கோளாறு நோட்டு

காற்றடிக்கும் மாதங்களில் எங்கள் தெருவில் எல்லோரும் ஜன்னலைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்க்கடைக்காரி மட்டும் கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்துகொண்டிருப்பாள். மின்விசிறிகூடக் கிடையாது. அது தராசு பழுதுபார்க்கிற கடை. காற்றுப் பட்டால் தட்டு ஆடும், முள் ஆடும். மின்னணுத் தராசாக இருந்தால் கடைசி எண் நிற்காமல் குதித்துக்கொண்டே இருக்கும். அதனால் தராசைச் சோதிக்கிற நேரத்தில் அந்த வீட்டில் யாரும் நடக்கக்கூட மாட்டார்கள். தும்மல் வந்தால் வெளியே ஓடிவந்து தெருவில் நின்று தும்மிவிட்டுப் போவார்கள். பதினாறு வருஷமாக என் கடையிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடையது ஜெராக்ஸ் கடை. பிரிண்ட், ஸ்கேன், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. தெருவுக்கு நான் ஜெராக்ஸ் அக்கா. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். நீளமாக இல்லாவிட்டால், பிறப்புச் சான்றிதழை நாலாக எட்டாக மடித்துக் கொண்டுவந்து, 'மடிப்பு தெரியாம எடுத்துக் குடுங்க' என்று நிற்கிற ஜனங்களோடு எப்படிக் காலம் தள்ளுவது?

தொழிலில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. கைக்கு வரும் காகிதத்தைப் படிக்க மாட்டேன். உயில் வரும், விவாகரத்து வரும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரும். எழுத்து நேராக விழுகிறதா, ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா, அவ்வளவுதான் என் பார்வை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எதிர் வீட்டில் மூன்றே பேர். தராசைப் பிரித்துப் பூட்டுகிறவள் அவள். ஒல்லியான ஆள், ஆனால் மணிக்கட்டு மட்டும் ஆம்பிளை மணிக்கட்டு. புருஷன் வேன் ஓட்டுவார், இருபது கிலோ இரும்புக் கற்களைத் தூக்கித் தராசில் வைப்பார், வழியெல்லாம் பேசுவார். மாதத்தில் மூன்று வாரம் வேனில்தான் குடித்தனம். அரிசி ஆலை, மீன் ஏலக்கூடம், பழைய இரும்புக் கிடங்கு என்று எங்கெல்லாம் தராசு கோணிக்கொள்கிறதோ அங்கெல்லாம் போவார்கள். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் மாதம் ஆறு நாள்தான் பள்ளிக்கூடம் போனாள். 'பிள்ளையை ஒழுங்கா அனுப்புங்க, இல்லைன்னா கூட்டிட்டுப் போங்க' என்றார்கள். இவள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் வேனில்தான். தாய் படித்ததே பத்தாவதுவரைதான். மகளுக்கு ஒரு பாடம் முன்னால் தானும் படித்துப் படித்து, பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். ஐந்து வயதிலேயே அந்தக் குட்டி, நகத்துணுக்கு மாதிரி இருக்கும் மில்லிகிராம் எடைகளை இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் அடுக்குவாள். அதனால் தெருவில் அவளுக்கு மில்லி என்று பெயர். இப்போது தாயைவிட ஒரு சாண் உயரம். ஆனாலும் மில்லிதான்.

மில்லிக்கு இயற்பியல் படிக்க வேண்டும். சும்மா ஆசை இல்லை, அது ஒரு வெறி. எங்களுக்கு நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு நல்ல கல்லூரி இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வை எழுதி நன்றாகவே தேறிவிட்டாள். விண்ணப்பம் போடுவதற்கு என் கடைக்கு வந்தாள்.

"என்னடி இது, ஸ்கூல் பேரு போடாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது?"

"கீழ வரைக்கும் போங்க அத்தை. 'வீட்டில் பயின்றவர்'னு இருக்கும்."

"எங்க? அட, ஆமா. 'இதர'வுக்கும் கீழ ஒளிச்சு வச்சிருக்கான் உன்னை. சரி, தலைமை ஆசிரியர் பேரு?"

"அம்மா."

"வகுப்பாசிரியர்?"

"அம்மா."

"வகுப்புல மொத்தம் எத்தனை பேரு?"

"ஒருத்தி."

"வகுப்புல உன் இடம்?"

அவள் சிரித்துவிட்டாள். "முதலிடம்னும் போடலாம், கடைசி இடம்னும் போடலாம். உங்களுக்கு எது பிடிக்குதோ போட்டுக்கோங்க அத்தை."

கடைசியில் ஒரு பெட்டி வந்தது. கடந்த நான்கு ஆண்டுகளின் கல்விப் பதிவை ஆசிரியரின் கையொப்பத்துடன் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம். "அதை நான் வந்து எழுதி, அம்மாகிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றாள் மில்லி. தாய்க்கு இடுப்பில் பிடிப்பு. அதனால் அந்த வாரம் அப்பனும் மகளும் மட்டும் மீன் ஏலக்கூடத்துக்குப் போனார்கள். புதன்கிழமை திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, இந்தப் பக்கம் வர முடியவில்லை என்று வியாழக்கிழமை போன் வந்தது. "அம்மா, நாங்க சனிக்கிழமைதான் வருவோம் போல இருக்கு. நாலு வருஷமும் நான் என்னென்ன படிச்சேன்னு நீயே எழுதி, கையெழுத்துப் போட்டு அத்தைகிட்டக் குடுத்துடு" என்று மகள் சொன்னாளாம். "எழுதறதுக்கு என்ன இருக்கு, எழுதினதே இருக்கே" என்றாளாம் தாய். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மழை இரைச்சல். அது சரியாகக் காதில் விழாமலே, சரி சரி என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்காரி வந்தாள். கக்கத்தில் நாலு தடி நோட்டு.

"இவ்வளவுமா?" என்றேன்.

"நாலு வருஷம்னு கேட்டிருக்கான்ல அக்கா? பாதியைக் குடுத்தா அது பதிவா?"

"கையெழுத்து?"

"ஒவ்வொண்ணுலயும் கடைசிப் பக்கத்துல போட்டிருக்கேன். கடை முத்திரையும் வச்சிருக்கேன்."

பிரித்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம். தேதி, கோளாறு, திருத்திய நாள். அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு பக்கம்கூடக் கோணவில்லை, ஓரம் வெட்டுப்படவில்லை. நாலரை மணிக்கு ஏற்றி முடித்துவிட்டு, "பாத்தியா, என்னை மாதிரி யாரு செய்வா" என்று அவளிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவள் போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு குடித்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் மில்லி வந்தாள். செருப்பெல்லாம் சேறு. "அத்தை, ஏத்தினதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். திறந்து காட்டினேன். நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாலாம் பக்கத்தில் அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அத்தை, இதை நீங்க படிச்சீங்களா?"

"நான் எதையும் படிக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"இன்னைக்காவது படிங்க."

படித்தேன். 'மூன்றாம் தேதி. ஒளிவிலகல். கோணத்தை எங்கிருந்து அளப்பது என்று தெரியவில்லை. நான்காம் தேதி. அதே தப்பு. ஐந்தாம் தேதி. அதே தப்பு, அழுகை.' அடுத்த பக்கம்: 'கூட்டலில் அவசரம். கட்டுரையில் ஒரே சொல் ஒன்பது தடவை.' அதற்கடுத்தது: 'படித்துவிட்டேன் என்று பொய். படிக்கவில்லை.' பக்கம் பக்கமாக இதேதான். அந்தப் பெண் நாலு வருஷத்தில் செய்த அத்தனை தப்பையும், தேதி போட்டு, முத்திரை குத்தி, ஓரம் வெட்டுப்படாமல் கல்லூரிக்கு அனுப்பி வைத்திருக்கிறோம் நாங்கள் இரண்டு பேரும்.

மில்லி எழுந்து விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

தாய் அப்போது ஒரு மேடைத் தராசைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்து அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பன் மூலையில் அவித்த முட்டைக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எதைக் குடுத்திருக்கே நீ?"

"உன்னோட கோளாறு நோட்டு."

"அதைப் போயி யாராவது குடுப்பாங்களா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்கம்மா? நான் சரியாச் செஞ்சதெல்லாம் எங்கே?"

"தெரிஞ்சதை எதுக்குடி எழுதணும்?" அவள் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "ஒரு தராசு சரியா இருந்தா நான் என்ன எழுதறேன்? ஒண்ணும் எழுதறதில்லை. முத்திரை வச்சிட்டுக் கிளம்பிடறேன். கோளாறு இருந்தாத்தான் எழுதுவேன். திருத்தினா, திருத்தின நாளைப் போடுவேன். பதிவுன்னா அதுதானே? வேற என்ன பதிவு?"

"அழுகைன்னு எழுதியிருக்கேம்மா!"

"அழுதியா இல்லையா?"

"நான் தராசு இல்லம்மா!"

தாய் கையிலிருந்த சுரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பன்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மா என்னைப் பத்தி இப்படி ஒரு நோட்டு போட்டிருந்தான்னா, இன்னைக்கு இந்த வீட்டுல யாருமே இருந்திருக்க மாட்டோம். வாம்மா, வந்து முட்டை சாப்பிடு."

யாரும் சிரிக்கவில்லை. மில்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏற்றியதை மாற்ற முடியுமா என்று திங்கள்கிழமை காலை முதல் வேலையாகக் கல்லூரிக்குப் போன் போட்டேன். தேதி முடிந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். நானும் அழுது, கெஞ்சி, கடைசியில் திட்டியும் பார்த்தேன். போனை வைத்துவிட்டார்கள்.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் தொழில் பேச்சு மட்டும்தான். கதவைச் சாத்திக்கொண்டு தராசைச் சோதிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

"பத்து."

"சரி."

"இருபது."

"ரெண்டு கிராம் கூட."

அவ்வளவுதான். சாப்பிடும்போதுகூட, தாய் "ரொட்டி இருக்கு" என்றால் மகள் "இருக்கட்டும்" என்பாளாம். வேறு கல்லூரிகளுக்கும் தேதி தாண்டிவிட்டது. இது போனால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் கழித்து மட்டும் வீட்டில் படித்தவளை யார் கொண்டாடப் போகிறார்கள்? மகள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததுதான் தாயை அரித்தது. ஒருநாள் என் கடைக்கு வந்து, காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"நான் அவ வாழ்க்கையைக் கெடுத்துட்டேனா அக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படியெல்லாம் வராது. "தெரியலடி. கெடுத்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்தோம். நீ எழுதினே, நான் ஏத்தினேன்" என்றேன்.

"பள்ளிக்கூடத்துலயே விட்டிருக்கணும். எங்கக்கா வீட்டுல விட்டுட்டு வேன்ல போயிருக்கலாம். கூடவே இருக்கணும்னு எனக்குத்தான் ஆசை. அவளுக்காக இல்லை, எனக்காகத்தான் வச்சுக்கிட்டேன்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பேச்சை அதற்கு முன்னாலும் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

நாலாவது வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மாணவி நேர்காணலுக்கு வர வேண்டும், அவளுடைய ஆசிரியரும் வர வேண்டும், அசல் நோட்டுகளையும் எடுத்து வர வேண்டும். இதைக் கடையில் வைத்துப் படித்துப் பார்த்தேன். ஆமாம், படித்தேன். அந்தக் கொள்கையை நான் தலைமுழுகிவிட்டேன்.

நானும் கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை. நாலு நோட்டையும் ஒரு பையில் போட்டு, இடுப்புப் பிடித்தவளைத் தூக்க விடாமல் நானே தூக்கிக்கொண்டேன். அந்தப் பையின் தயவால்தான் நேர்காணல் அறைக்குள்ளேயே போக முடிந்தது. வாசலில் தடுத்த பையனிடம், "அசல் என்கிட்டத்தான் இருக்கு" என்றேன். அப்பன் வேனிலேயே இருந்துவிட்டார். அவருக்குக் கல்லூரி என்றாலே பயமாம்.

நீளமான மேஜை. அந்தப் பக்கம் இரண்டு பேர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு பேராசிரியர், முடி முழுக்க வெளுத்த ஒரு பேராசிரியை. இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்.

"எல்லாரும் விண்ணப்பத்தோட பதக்கம், பாராட்டுக் கடிதம்னு அனுப்புவாங்க" என்றார் கண்ணாடிக்காரர். "நீங்க நானூத்திப் பன்னிரண்டு பக்கத்துக்குத் தப்பு அனுப்பியிருக்கீங்க."

"அவ்வளவுதாங்க இருந்துச்சு. எதையும் மறைக்கல" என்றாள் தாய்.

எனக்கு அவள் காலை மிதிக்க வேண்டும்போல இருந்தது.

"நாலு வருஷத்துல இவ நல்லாச் செஞ்சான்னு ஒரு வரிகூட இல்லையேம்மா?"

"மூணாவது கட்டத்தைப் பாருங்க சார். திருத்தின நாள். அது எங்கயாவது காலியா இருந்தா சொல்லுங்க."

அவர் ஒரு நோட்டை வாங்கிப் புரட்டினார். நிதானமாகத்தான் புரட்டினார். பிறகு கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு புரட்டினார். காலிக் கட்டம் இல்லை. ஒளிவிலகலுக்குப் பதினோரு நாள், அவசரக் கூட்டலுக்கு இரண்டு வருஷம். ஆனால் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு தேதி இருந்தது.

"ஸ்கூல் மார்க்ல தொண்ணூறு வாங்கினவன், விட்டுப்போன அந்தப் பத்தை என்ன பண்ணினான்னு எனக்குத் தெரியறதே இல்லை" என்றார் பேராசிரியை. "இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் படிச்சேன். ஒரு இடத்துல மட்டும் நின்னுட்டேன். ரெண்டாவது நோட்டு, எண்பத்தி ஆறாம் பக்கம். அம்மா, நீங்களே வாசிங்க."

எடுத்துக் கொடுத்தேன். தாய் வாசித்தாள். எழுதிய தமிழை வாசிப்பதால் குரல் விறைப்பாக இருந்தது. "'ஒரே நிறையுள்ள இரும்பையும் பஞ்சையும் தட்டில் வைத்தால் சமமாக நிற்காது, பஞ்சுத் தட்டு ஒரு துளி மேலே போகும் என்கிறாள். காற்று தூக்குமாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிடிவாதம். மூன்று நாள்.' நாலாம் நாள் தேதி போட்டிருக்கேங்க. ஒத்துக்கிட்டா."

"அவ சொன்னது சரிம்மா."

"எது?"

"பஞ்சு மேலே போகும். தண்ணிக்குள்ள வாளி லேசா இருக்குல்ல? காத்துக்குள்ளயும் அப்படித்தான். பஞ்சு நிறைய இடம் அடைக்குது, அதனால அதைக் காத்து கொஞ்சம் கூடுதலாத் தூக்கும். அப்போ இவளுக்கு என்ன வயசு? பதினாலா?"

தாய் ஒரு தராசுக்காரி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாள். "எவ்வளவு தூக்கும்?"

"ஒரு கிலோவுக்கு ஒரு கிராம்கூட வராது."

"அப்போ சந்தைத் தராசுல தெரியாது."

"தெரியாது. ஆனா இருக்கு."

"இருக்கு" என்றாள் தாயும். முகம் சாம்பலாகிவிட்டது.

கண்ணாடிக்காரர் மகள் பக்கம் திரும்பினார். குரலில் இருந்த மென்மை போய்விட்டது. "உனக்கு அது சரின்னு தெரியும். அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே? இங்க படிக்க வந்தா பெரிய பெரிய ஆளுங்க உன்னைத் தப்புன்னு சொல்லுவாங்க. நானே சொல்லுவேன். நாலாம் நாள் தலையாட்டிட்டுப் போயிடுவியா?"

அதுதான் கேள்வி என்று எனக்கே புரிந்தது. இதற்கு அவள் என்ன சொல்கிறாளோ, அதில்தான் இருக்கிறது இடம். மில்லி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்தது.

"அந்த மூணு நாளும் அம்மா சரியாச் சாப்பிடல சார். கையில இருந்த புத்தகம் எல்லாத்தையும் புரட்டிப் பாத்தாங்க. எதுலயும் இல்லை. வேன்ல எடைக்கல்லுக்கு நடுவுல உட்கார்ந்து அழுதாங்க. நான் பாத்துட்டேன். எனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குத் தனக்குத் தகுதி இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா, அதோட விட்டுடுவாங்களோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. அதனால சரின்னு சொல்லிட்டேன்."

"அறிவியல்ல அப்படி விட்டுக்குடுக்கக் கூடாதும்மா."

"அறிவியல்ல விட்டுக்குடுக்கல சார். வீட்டுலதான் விட்டுக்குடுத்தேன். பஞ்சு மேலே போகும்னு எனக்கு அன்னைக்கும் தெரியும்."

கண்ணாடிக்காரர் அவளையே பார்த்தார். பேராசிரியை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ தேடினார். தாய் மட்டும் மேஜைமேல் கிடந்த பேனாவை, கேட்காமல் கொள்ளாமல், எடுத்தாள். எண்பத்தாறாம் பக்கத்தில் 'திருத்திய நாள்' கட்டத்தில் இருந்த தேதியை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'கோளாறு இவளுடையது அல்ல. என்னுடையது.' அன்றைய தேதி, கையெழுத்து.

எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அக்கா, இவங்ககிட்ட இருக்கறது பழைய காப்பி. இதை மறுபடி எடுத்து அனுப்பிடணும்" என்றாள்.

வெளியே நடையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரம். ஒரு எழுத்தர் வந்து ஒரு தாளை மில்லியிடம் கொடுத்துவிட்டு, அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போய்விட்டார். அவள் படித்தாள். என்னிடம் நீட்டினாள். இடம் கொடுத்திருந்தார்கள். நான் அங்கேயே, அத்தனை பிள்ளைகள் போகிற வருகிற நடையில், வாய்விட்டு அழுதேன். எனக்கு என்ன வெட்கம்?

வேனில் அப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். வழியில் நிறுத்தி ரொட்டியும் தேநீரும் வாங்கித் தந்தார். நான் முன் இருக்கையில். தாயும் மகளும் பின்னால், எடைக்கல் பெட்டிகளுக்கு நடுவில் இருந்த பலகையில். வெயில் ஏறிவிட்டது. தாய் தேநீரைத் தொடவில்லை.

"மில்லி, வேற என்னென்ன?"

"என்னது?"

"நான் தப்பாச் சொல்லி, நீ தெரிஞ்சும் சும்மா விட்டது. வேற என்னென்ன இருக்கு?"

"விடும்மா, இப்போ போயி."

"சொல்லுடி. தெரிஞ்சுக்கிட்டும் சொல்லாம இருந்திருக்கே. என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டிருக்கே. எனக்கு அது பிடிக்கல."

"பரிதாபம் இல்லம்மா." மில்லி பெருமூச்சு விட்டாள். "கெட்டில் மூக்குல வெள்ளையா வர்றதுதான் நீராவின்னு சொன்னே. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாத் தெரியறது தண்ணித் துளி."

தாய் கண்ணை மூடி யோசித்தாள். "மூக்கை ஒட்டினாப்புல ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளையா வரும். சரிதான். அடுத்தது?"

"மலைச் சந்தை. மலைக்குப் போனா மின்னணுத் தராசு குறைச்சலாக் காட்டும், மறுபடி சரிபண்ணணும், உயரத்துல எடை குறையும்னு சொல்லுவே. பூமி எவ்வளவு பெருசு, அந்த மலை எத்தனூண்டு? அதெல்லாம் ஒரு உயரமா? ரோட்டுல குலுங்கித்தான் தராசு மாறியிருக்கும். நான்தான் சரின்னு தலையாட்டிட்டேன்."

தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடுப்புப் பிடிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

"குலுங்கி மாறினா ஒரு தடவை கூடக் காட்டும், ஒரு தடவை குறைச்சுக் காட்டும். எல்லாத் தடவையும் எப்படிடி குறைச்சே காட்டும்? பதினஞ்சு கிலோவுக்கு அஞ்சு கிராம், ஆறு கிராம். கீழ இறங்கினா பழையபடி சரியாயிடும். பன்னிரண்டு வருஷமா வச்சுப் பாத்திருக்கேன். நீ கணக்குப் போட்டுப் பாத்தியா, இல்லை வாயாலயே அளந்தியா?"

மில்லி பக்கத்துப் பெட்டியில் படிந்திருந்த தூசியில் விரலால் எண்களை எழுத ஆரம்பித்தாள். மலையின் உயரம், பூமியின் ஆரம் என்று ஏதேதோ முணுமுணுத்தாள். அப்பன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"ஆறரை கிராம் வருது" என்றாள் மில்லி, மெல்லிய குரலில். "போட்டுப் பாக்கவே இல்லை நான். நீ சொன்னதுதான் சரிம்மா."

"ஆங்!" என்றாள் தாய். அந்த ஒரு 'ஆங்'கில், மூன்று வாரத்து வேதனையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் கை தானாக, நான் பின்னால் பலகைமேல் போட்டிருந்த பைக்குள் போய் நாலாவது நோட்டை எடுத்தது. அதில் கடைசியில் சில பக்கங்கள் மீதி இருந்தன. பேனாவையும் எடுத்து, மூடியைக் கழற்றி, மடியில் நோட்டை விரித்தாள்.

விரித்தவள் அப்படியே இருந்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"என்னம்மா?"

"வேண்டாம். இனிமே அதுக்கெல்லாம் அங்க ஆளு இருக்காங்க. என்னைவிடத் தெரிஞ்சவங்க. நான் எழுதி முடிச்சாச்சு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. எல்லோரும் பார்க்க, எடைக்கல் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

மில்லி பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் விரல்களைப் பிரித்து அதற்குள் வைத்தாள்.

"காலேஜ் திறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா. எழுது."

தாய் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நோட்டை நேராக வைத்தாள். வேனின் ஆட்டத்தில் பேனா முனை கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனது.

"என்னங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றாள். "எழுத்து ஆடுது."